வேண்டாம் என்று சொல்லும் உத்தியோகம்

செலாங்கூரின் புக்கிட் ரோத்தான் ஊருக்கு வெளியே, செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு எழுப்பிய சுதந்திர வாணிப வட்டாரத்தில் வேலைகள் கொட்டிக் கிடந்தன. அவற்றைச் செய்ய உள்ளூரில் ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் அந்த வட்டாரத்தின் பெருமை.

வெளிநாட்டிலிருந்து முதல் போட வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்தே ஆட்களையும் கொண்டுவரலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வேலையையும் முதலில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேமராவுக்கு முன்னால், சாட்சிக்கு முன்னால், தன் சொந்த வாயால் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. சொல்லி முடித்ததும் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் வந்திருந்த எல்லாருக்கும் சூடான தேயும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பும் கிடைக்கும். இந்தச் சடங்குக்கு 'உள்ளூர் மறுப்பு' என்று பெயர்.

துளசியின் கணவன் ஜீவன் இப்படித்தான், தனக்கே தெரியாமல் தன் வேலையை மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் இயந்திரம் பழுது பார்ப்பவன். கல்யாணமாகி முதல் தீபாவளிகூட வந்திருக்கவில்லை. துளசி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போனான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியில், சும்மா இருக்காமல், "சாப்பாட்டுக்கு எத்தன மணிக்கு சார் விடுவீங்க?" என்று கேட்டான்.

அதிகாரி சிவானந்தம் மெல்லத் தலையசைத்தார். பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "சேருவதற்கு முன்பே இவர் எழுந்து போவதைப் பற்றிச் சிந்திக்கிறார். இது மறுப்பு."

மணி அடித்தது. வேலை கிடைத்துவிட்டதென்று அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்த ஜீவன், இரண்டு கறிபாப் சாப்பிட்டுவிட்டு, எல்லாரிடமும் நன்றி சொன்னான். அந்த நன்றியும் கேமராவில் பதிவானது. அடுத்த மாதம் அவன் வேலை தேடித் தெற்கே ஜொகூருக்குப் பஸ் ஏறினான்.

துளசி சாதுவான பெண் என்று அவள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை கையாட்டினாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்கப்புறம் சிவானந்தத்தைப் பார்க்கக் கிளம்பினாள்.

சிவானந்தம் அந்த வட்டாரத்தின் உள்ளூர் ஆள்பல நல்லிணக்க அதிகாரி. இளவயதில் கோயில் திருவிழா நாடகங்களில் ராஜா வேடம் கட்டியவர். வேடத்தைக் கலைத்த பிறகும் அந்தக் குரலைக் கலைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் கேண்டின் நடத்தும் சீனி முகம்மது. வட்டாரத்தின் நிரந்தர சாட்சியும் அவர்தான். கறிபாப்பும் அவருடையதுதான்.

"பெக்கிங் வேலை," என்றார் சிவானந்தம். "பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பெட்டியில அடுக்கணும்."

"நிக்கிறேன் சார்."

"ராத்திரி ஷிப்ட்."

"சரி சார்."

"உள்ள குளிரு. கை வெறச்சிப் போயிரும்."

"எனக்கு வேர்வதான் சார் ஆகாது. நல்லதாப் போச்சு."

"டாய்லெட்டு போவ, மேல நின்னு வேல வாங்குற மண்டோர்கிட்ட கையத் தூக்கிக் கேக்கணும்."

"ஸ்கூல்ல கேட்டது ஞாபகம் இருக்கு சார்."

"அவரு கத்துவாரு. எந்தப் பாஷையில கத்துறாருன்னே புரியாது."

"புரியாம இருந்தாத்தான் சார் நிம்மதி."

சீனி முகம்மது கழுத்தை நீட்டினார். "அடிக்கட்டுமா சார்? கறிபாப் ஆறுது."

"கொஞ்சம் பொறுங்க பாய்!" சிவானந்தம் எழுந்து போய் கேமராவை அணைத்தார். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. "ஏம்மா, உனக்கு மனசாட்சியே இல்லயா?"

"வேல வேணும் சார்."

"வேல வேணும், வேல வேணும்! உன்னப் பத்தி மட்டும் யோசிக்கிறியே. இந்த முதலாளிங்க கடல் தாண்டி எத நம்பி வந்தாங்க தெரியுமா? நம்ம ஆளுங்க வேல செய்யமாட்டாங்கங்கிற ஒரே நம்பிக்கையில வந்தாங்க. அந்த நம்பிக்கைய நான் கல்லு மேல கல்லு வச்சி கட்டிக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நீ வந்து ஒக்காந்து, சரி சார், சரி சார்னு ஒரே நாள்ல ஒடச்சிட்டுப் போவ. நாளைக்கு இன்னொருத்தன் சரிம்பான். நாடு என்னாவறது?"

நாட்டுக்கு இப்படி ஓர் ஆபத்து தன்னால் வரும் என்று துளசி எதிர்பார்க்கவில்லை. "மன்னிச்சிருங்க சார்," என்றாள்.

அவர் கொஞ்சம் இளகினார். அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். "முகத்துல ஒரு களை இருக்கு. ஒரு வேல தரேன். இங்க வர்றவங்கள நம்பவே முடியல. வேணாம்னு சொல்ல வரவன் கடைசி நிமிஷத்துல சரின்னு சொல்லித் தொலைக்கிறான். அதனால நிரந்தரமா ஒரு ஆளப் போடலாம்னு நிர்வாகம் முடிவு பண்ணியிருக்கு. மறுப்பாளர்."

"என்ன சார் செய்யணும்?"

"வர்ற வேலையெல்லாம் வேணாம்னு சொல்லணும்."

"வேணாம்னு சொல்றதுதான் வேலையா?"

"மாசச் சம்பளம். ஈபிஎஃப், சொக்சோ, மெடிக்கல் லீவு எல்லாம் உண்டு."

"நான் லீவு எடுத்தா யாரு சார் வேணாம்னு சொல்றது?"

"நான் இல்லயா?" சிவானந்தம் நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே ராஜாவின் கைபோல நின்றது. "என்னைய மாதிரி மறுக்க இந்த செலாங்கூர்ல ஆள் கெடையாது."

துளசி அதை மனத்தில் வாங்கிக்கொண்டாள். "சரி சார்," என்றாள்.

அன்றிலிருந்து காலை நேரம் முழுவதும் பயிற்சி. செம்பனைத் தோட்டத்துக்காரன் மறுப்பது ஒரு தினுசு என்றார் சிவானந்தம். தலையைச் சொறிந்தபடி, தரையைப் பார்த்து மறுக்க வேண்டும். டிப்ளோமா படித்தவள் மறுப்பது வேறு தினுசு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அவரே முதலில் நடித்துக் காட்டினார். கர்ப்பிணி மறுப்பதை நடித்தபோது நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டு, சீனி முகம்மது வந்து தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

துளசி ஒரு நாள் தலையணை கட்டிக்கொண்டு கிளார்க் வேலையை மறுத்தாள். மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு லோரி டிரைவர் வேலையை மறுத்தாள். அதற்கடுத்த நாள் விதவையாக வந்து காவலாளி வேலையை மறுத்தாள். படங்களெல்லாம் தலைநகருக்குப் போயின. அங்கே பார்த்துவிட்டு, 'வட செலாங்கூரின் பெண்கள் அனைவரும் ஒரே முகமாக உறுதி காட்டுகிறார்கள்' என்று பாராட்டி எழுதினார்கள்.

மறுத்து முடித்த வேலை, கேண்டினுக்குப் பின்னால் உள்ள விடுதியில் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குத் தானாகவே போகும். அதுவும் சட்டம். அந்த வரிசையில் எப்போதும் 'அடுத்த ஆளாக' இருந்தவன் நேப்பாளத்துக்காரன் தில் பகதூர். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்கு முன்னால் சிவானந்தத்துக்கு வேண்டியவர்கள் யாராவது ஒருவர் தினமும் நுழைந்துகொண்டே இருந்ததால், அவன் சீனி முகம்மதுவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், சிவானந்தத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

முதலில் துளசிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவனைப் போன்றவர்கள் வந்துதானே ஜீவன் ஜொகூருக்குப் போனான்?

"அக்கா, இன்னிக்கு எனக்கு ஏதாச்சும் வேணாம்னு சொன்னீங்களா?" என்று கேட்பான். கேண்டின் தமிழ்.

"இல்ல."

"பரவால்ல அக்கா. நாளைக்கு நல்லா வேணாம்னு சொல்லுங்க."

ஒரு நாள் அவன் கைப்பேசியில் மனைவியின் படத்தைக் காட்டினான். அந்தப் பெண்ணுக்கு இந்தப் புக்கிட் ரோத்தான்தான் ஜொகூர் என்பது அப்போதுதான் துளசிக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவனோடு சேர்ந்து அவளும் இரண்டு வெங்காயம் உரித்தாள். யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதில் அதற்கப்புறம் அவளுக்குக் குழப்பமே வரவில்லை.

சாயங்காலங்களில் ஜீவன் கூப்பிடுவான்.

"என்னடி, இன்னிக்கு எத்தன வேலைய வேணாம்னு சொன்ன?"

"எண்ணல. தொண்டதான் வலிக்கிது."

"பாத்து லா. வேணாம் வேணாம்னு பழகிட்டு, நான் வந்தா என்னையும் வேணாம்னு சொல்லிராத."

"வந்து பாரேன், தெரியும்," என்றாள் துளசி. சொல்லிவிட்டு, அவன் சிரிக்கட்டும் என்று கைப்பேசியை இன்னும் கொஞ்ச நேரம் காதோடு வைத்திருந்தாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருக்க, சிவானந்தம் அடுத்த வேலையைச் சொன்னார். இயந்திரம் பழுது பார்ப்பவர், ஓர் இடம், காலை ஷிப்ட், குடும்பத்தோடு தங்க வீடு உண்டு.

துளசி நிமிர்ந்து பார்த்தாள். அது ஜீவனின் வேலை. அவன் மறுத்ததாகச் சொல்லி எவனுக்கோ கொடுத்த வேலை மறுபடியும் காலியாகி வந்து, அவள் வாய்க்கு முன்னாலேயே நிற்கிறது.

"சார், இத எங்க வீட்டுக்காரருக்கு..."

"வசனம் மட்டும்!" என்றார் சிவானந்தம், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

அவள் சொன்னாள். எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் பொங்கி வழிந்தது. மணி அடித்தது. சிவானந்தம் கைதட்டினார். "இதான்! இதத்தான் நான் மூணு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்! எப்படிம்மா வந்துச்சு?"

"தானா வந்துச்சு சார்," என்றாள் துளசி.

அவள் நேராகக் கேண்டினுக்குப் போய் உட்கார்ந்தாள். சீனி முகம்மது தே கொண்டுவந்து வைத்தார்.

"விடு தங்கச்சி. அந்தச் சிவானந்தம் சாரோட வேல கொண்ட்ரெக்கும் அடுத்த மாசத்தோட முடியிது. முடிஞ்சி, தானாப் புதுசாயிரும். அவரு வேலைக்கி மட்டும் யாரும் மணி அடிக்கிறதில்ல."

துளசி தம்ளரைக் கீழே வைத்தாள். "அதுவும் வட்டாரத்துல இருக்கிற வேலதான பாய்?"

"வேலதான்."

"அப்ப உள்ளூர்க்காரர் ஒருத்தருக்குக் குடுத்துப் பாக்கணுமே."

சீனி முகம்மது அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, யாருமில்லாத பக்கமாகத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா, துஆ ஓதுகிறாரா என்று தெரியவில்லை.

துளசி அழுத படம் தலைநகரில் எல்லாரையும் உலுக்கிவிட்டது. இவ்வளவு உண்மையான மறுப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று, மேற்பார்வைக் குழுவின் தலைவர், டத்தோ பட்டம் பெற்றவர், அடுத்த மாதக் கடைசி நாளில் கிளம்பி வந்தார். முதலீட்டை இரட்டிப்பாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு முதலாளியும் மொழிபெயர்ப்பாளரோடு கூடவே வந்தார். சிவானந்தம் வாழைமரம் கட்டினார். மேடை போட்டார். மணிக்கு மாலை போட்டார்.

டத்தோ மலாய் மொழியில் பேசினார். "இந்த நாட்டின் மிகப் பெரிய இயற்கை வளம் நமது தயக்கம். எண்ணெய் ஒரு நாள் தீர்ந்துபோகும். நம்மவர்கள் வேலைக்கு வராதது தீரவே தீராது என்று முதலாளி அவர்களுக்கு நான் வாக்களிக்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். துளசியை மேடைக்கு அழைத்தார்கள். சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

"வேணாம்," என்றாள் துளசி, தேயில் சீனி வேண்டாம் என்பதுபோல.

முதலாளி மொழிபெயர்ப்பாளரின் காதில் ஏதோ கேட்டார். டத்தோவின் முகம் சுருங்கியது. "படத்தில் இருந்த உணர்ச்சி எங்கே? இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல் இருக்கிறதே? அந்த மறுப்புகள் எல்லாம் உண்மைதானா?"

சிவானந்தத்தின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "துளசி! அழு!" என்று பல்லைக் கடித்தார்.

"வரமாட்டேங்குது சார். நீங்க ஒருதடவ செஞ்சி காட்டுனீங்கன்னா எனக்கும் வரும். உங்கள மாதிரி யாருக்கு வரும்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். மேடையைப் பார்த்தார். நிறைந்த கூட்டத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கண்முன் நிற்கும் கூட்டம்.

"டத்தோ," என்றார். "நானும் உள்ளூர்க்காரன்தான். சுங்கை ஆயர் தாவாரில் பிறந்தவன். எங்கள் மண்ணின் மறுப்பு எப்படிப்பட்டது என்று நான் காட்டுகிறேன். எந்த வேலையை மறுக்கட்டும்?"

"காலியாக இருக்கிற எதையாவது மறுங்கள்."

துளசி பவ்யமாகக் குனிந்தாள். "சார், உங்க வேலையே இன்னியோட காலிதான. அதையே மறுங்க சார். தெரிஞ்ச வேலன்னா உள்ளேருந்து வரும்."

சிவானந்தத்துக்கு அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. நல்ல நடிகனுக்குத் தெரிந்த வாழ்க்கைதானே வேண்டும்? அந்தச் சட்டங்களையெல்லாம் எழுதியவரே அவர். எழுதியவரைச் சட்டம் தொடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கண்ணை மூடினார். திறந்தபோது நீர் தயாராக இருந்தது. கேமரா ஓடியது.

"எனக்கு இந்த வேலை வேண்டாம்," என்று தொடங்கினார். "காலையில் போய்க் குளிர் அறையில் உட்கார வேண்டும். வேலை கேட்டு வருகிறவனிடம் வேலை இல்லை என்று நேராகச் சொல்லவும் கூடாது. அவனே வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அவனை நம்பவைக்க வேண்டும். நம்பிவிட்டு, அவன் எனக்கு நன்றி சொல்லிப் போவான். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? கடல் தாண்டி வந்தவனின் கடப்பிதழை வாங்கிப் பூட்டிவைக்க வேண்டும். எனக்கு வேண்டியவனை வரிசையில் முன்னால் தள்ள வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என் வேலை மட்டும் சத்தமில்லாமல் எனக்கே திரும்பி வரும். மானமுள்ளவன் எவனாவது இதைச் செய்வானா? பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், எனக்கு இது வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்!"

சீனி முகம்மது கயிற்றை இழுத்தார். வாழ்நாளில் அவ்வளவு பலமாக அவர் மணி அடித்ததில்லை.

டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என் பணிக்காலத்தில் இப்படியொரு உண்மையான மறுப்பை நான் கேட்டதில்லை. சாட்சி உண்டு, பதிவு உண்டு, மணியும் அடித்தாயிற்று. இந்தப் பதவியை உள்ளூர்க்காரர் மறுத்துவிட்டார். வரிசையில் அடுத்த ஆளை அழையுங்கள்."

சிவானந்தம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "டத்தோ... அது சும்மா நடிப்பு, டத்தோ."

டத்தோ நின்றார். முதலாளி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார்.

"நடிப்பா?" என்றார் டத்தோ மெதுவாக. "அப்படியானால் மற்ற மறுப்புகளும் நடிப்பா? இத்தனை வருடமும்?"

சிவானந்தம் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். முதலாளி தன் பையை மூடத் தொடங்கியிருந்தார். வாழைமரம் காற்றில் ஆடியது. அவர் பக்கத்தில் நின்ற துளசி, அவர் கற்றுக் கொடுத்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை டத்தோ," என்றார் சிவானந்தம். "உண்மைதான்."

கேண்டினுக்குப் பின்னாலிருந்து தில் பகதூரைக் கூட்டிவந்தார்கள். டத்தோ கை கொடுத்தார். கொடுத்த கையை அப்புறம் முகர்ந்து பார்த்தார். வெங்காய வாசனை. உழைப்பின் வாசனை என்று மொழிபெயர்ப்பாளர் முதலாளிக்கு விளக்கினார்.

புது அதிகாரி செய்த முதல் வேலை அலமாரியைத் திறந்து, கடப்பிதழ்களை அவரவர் கையில் கொடுத்தது. இரண்டாவது, சட்டத்தைப் படித்துப் பார்த்தது. வாத்தியார் அல்லவா? உள்ளூர்க்காரருக்கு வேலை கொடுக்க வேண்டும், அவர் வேண்டாமென்றால் மற்றவருக்கு என்று எழுதியிருந்தது. அவர் சரி என்றால் என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்வியே எழாமல் சிவானந்தம் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றால் அவருக்கே கொடுப்பது என்று தில் பகதூர் எடுத்துக்கொண்டான். தூரத்துச் சுங்கை பஞ்சாங்கிலிருந்துகூட ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சரி சொன்னார்கள். கம்பெனிகள் கொதித்துப் போய்த் தலைநகருக்கு எழுதின. நாட்டிலேயே மிக உண்மையான மறுப்பின் மூலம் நியமிக்கப்பட்ட அதிகாரியைச் சந்தேகிப்பது மறுப்பு முறையையே சந்தேகிப்பதாகும் என்று டத்தோவிடமிருந்து பதில் வந்தது.

துளசி அழுது மறுத்த அந்த இயந்திர வேலையில் பிறகு போட்டிருந்தவன், கடப்பிதழ் கைக்கு வந்த அன்றே ஊருக்கு விமானம் ஏறிவிட்டான். ஜீவனுக்குத் துளசி செய்தி சொன்னாள். அவன் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, ஒரே ஒரு வார்த்தையில் வேலையை வாங்கினான். துளசியும் மறுப்பாளர் வேலையை விட்டுவிட்டு, காலை ஷிப்டில் பெக்கிங்குக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து இருவரும் வெளியே வந்தபோது, வாசல் காவலாளிக் கொட்டகையருகில் சிவானந்தம் நின்றுகொண்டிருந்தார். தலைமயிரில் சாயம் போய் நரை தெரிந்தது. ஜீவனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு துளசியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"துளசி, நல்லா இருக்கியாம்மா? உனக்கு மொதமொதல்ல வேல குடுத்தவன் நான்."

"மறக்கல சார்."

"ஒவ்வொரு கம்பெனியா ஏறி எறங்கறேன். உங்க மறுப்பத்தான் சார் டிவியில பாத்தோமே, எந்த வேலையும் வேணாம்னு சொல்ற ஆளாச்சேன்னு சொல்லி அனுப்பிடறானுங்க. அந்த நேப்பாளிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். ஏதாச்சும் ஒரு எடம்."

துளசி அவரைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாவம் என்று தோன்றியது. சாலையோரம் ஜீவன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. அவன் இல்லாத ராத்திரிகள் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டன.

"இங்க எல்லாம் நெறஞ்சிருச்சி சார்," என்றாள், மிகவும் அன்பாக. "ஆனா ஜொகூர்ல ஆள் தேடுறாங்களாம். எங்க வீட்டுக்காரரு இருந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. விடுதியில மேல் கட்டிலு. ஃபேனு கெடயாது. கொசு உண்டு. நான் போன் பண்ணி, நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு சொல்லிட்டேன் சார். நாளைக்கிக் காலையில பஸ்."